மணப் பத்திரத்தில் யார் கையொப்பம்?

புனே நகரத்தின் கிழக்கு ஓரத்தில், முளா-முட்டா ஆற்றங்கரையை ஒட்டிக் கராடி என்னும் ஊர் உள்ளது. ஒரு தலைமுறைக்கு முன்பு வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்த அது, இன்று தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த நகர்ப் பகுதியாகிவிட்டது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அவர்கள் பத்தாம் மாடி வாசலிலும் மார்கழிக் கோலம் இடுகின்றனர். மக்களுக்கு வரன் பார்க்கின்றனர். நிச்சயதார்த்தத்தையும் அங்கேயே நடத்துகின்றனர்.

அத்தகைய வீடொன்றில் நடந்த பேச்சு நம் நினைவில் நிற்கிறது. மணமகன், மணமகள் இருவரும் கராடியிலேயே பணிபுரிகின்றவர்கள். திருமணத்திற்கு முன்பே இருவர் பெயரிலும் ஒரு வீடு வாங்குவதென்று முடிவாகியிருந்தது. முன்பணத்தில் பெரும்பகுதி அந்தப் பெண் ஐந்தாண்டுகளாகச் சேமித்த பணம். வங்கிக் கடனை இருவரும் சேர்ந்து அடைப்பதாக ஏற்பாடு. பெரியோர் அமர்ந்திருந்த கூடத்தில் அந்தப் பெண் தன் தாய்மாமனிடம் மெல்லக் கேட்டாள்: "மாமா, இந்த வீட்டில் எனக்கு எத்தனை பங்கு, அவருக்கு எத்தனை பங்கு என்று முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளலாமா? என் நகைகளையும் ஒரு பட்டியலாக எழுதலாமா?"

"நல்ல காரியம் பேசுகிற இடத்தில் பத்திரம் எதற்கம்மா? நம்பிக்கை இல்லையென்றால் கல்யாணம் எதற்கு?" என்றார் மாமா.

கூடத்தில் அமைதி நிலவியது. அப்பொழுது தாம்பாளத்தில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய இலக்கினப் பத்திரிகை வாசிக்கப்படுவதற்குக் காத்திருந்தது. அதுவும் இரு குடும்பத்தார் முன்னிலையில் வாசித்துக் கைமாற்றிக்கொள்ளும் ஓர் எழுத்தே என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பெண் கேட்டது தவறான கேள்வியா? திருமணத்திற்கு முன்பு எழுதிக்கொள்வது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கந்தானா? அவ்வாறு எழுதிய எழுத்துகளில் நீதிமன்றத்தில் நின்றவை எவை, விழுந்தவை எவை? வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இவற்றை அறிந்திருத்தல் நலம். இதற்கு நாம் சற்று வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் வேலூருக்கு அருகிலுள்ள விரிஞ்சிபுரத்திற்குச் செல்வோம். அங்குள்ள மார்க்கபந்தீசுவரர் கோயிலில், விசயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதன் காலம் சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425-26. படைவீட்டு இராச்சியத்தில் வாழ்ந்த அந்தணர்கள் ஒன்றுகூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையை அக்கல்வெட்டு கூறுகின்றது. இனி அவர்களிடையே திருமணங்கள் கன்னிகாதானமாகவே நடைபெற வேண்டும். பெண்ணைக் கொடுப்பவர் பொன் வாங்கினாலும், பெண்ணைக் கொள்பவர் பொன் கொடுத்தாலும், இருதிறத்தாரும் அரச தண்டனைக்கு உரியவராவர். தம் சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவர் என்பது அதன் சாரம்.

இக்கல்வெட்டில் நாம் கருத வேண்டியவை மூன்று. முதலாவது, அன்று பொன் சென்ற திசை. இன்று பெண் வீட்டார் கொடுக்கும் வரதட்சணையைப் பற்றிக் கவலைப்படுகின்றோம். அன்று பெண்ணுக்காகப் பொன் கொடுத்துப் பெறும் வழக்கமே அவர்களை வருத்தியது. வழக்கங்கள் மாறுகின்றன, திசைகூட மாறிவிடுகின்றது. இரண்டாவது, உடன்பட்டவர்கள் யார் என்பது. கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் எனப் பல மொழியினர் அதில் குறிக்கப்படுகின்றனர். பல நாட்டிலிருந்து வந்து ஓரிடத்தில் குடியேறிய மக்களுக்கு, தத்தம் ஊர் வழக்கம் மட்டும் போதவில்லை. எல்லாரும் ஏற்கும் ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ளும் தேவை ஏற்பட்டது. மராட்டியரும் தெலுங்கரும் வங்காளியரும் தமிழரும் ஒரே மாடிக் கட்டடத்தில் வாழும் கராடிக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. மூன்றாவது, உடன்படிக்கை செய்தவர்கள் பெரியோர்கள். மணம் செய்துகொள்ளவிருந்த எந்தப் பெண்ணின் இசைவும் அங்கே கேட்கப்படவில்லை. இந்த மூன்றாம் செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

செட்டிநாட்டுக்கு வந்தால், நகரத்தார் திருமணத்தில் 'இசைகுடிமானம்' என்னும் ஏடு எழுதும் வழக்கத்தைக் காண்கின்றோம். இரு வீட்டாரும் இசைந்து இத்திருமணத்தைச் செய்கின்றோம் என்று எழுதிக் கையொப்பமிடும் ஏடு அது. முன்னாளில் பனையோலையில் எழுதினர். கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் வாணிகம் செய்த அச்சமூகத்தார்க்குக் கணக்கும் எழுத்தும் இயல்பானவை. திருமணத்தை எழுத்தில் வைப்பது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்று அவர்கள் கருதவில்லை. ஐந்நூறு பேர் கூடிய பந்தலில், மங்கல இசைக்கு நடுவில், அவ்வேடு எழுதப்பெறும். ஆனால் இங்கும் எழுதுகின்றவர்கள் குடும்பத் தலைவர்களே.

பாக் நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றால், இவ்வழக்கம் சட்டமாகவே வளர்ந்திருப்பதைக் காணலாம். அங்கு வாழும் தமிழரின் பழைய வழக்கங்களை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707-ஆம் ஆண்டில் தொகுத்து எழுதினார். தமிழ் முதலியார் பன்னிருவர் அதனைப் படித்துச் சரியென உறுதி செய்தனர். பின்னர் ஆங்கிலேயர் 1806-இல் அதற்குச் சட்ட வலிமை அளித்தனர். அதுவே தேசவழமைச் சட்டம் என வழங்குகின்றது. அச்சட்டம் குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரிக்கின்றது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். பெண்ணுக்கு மணத்தின்போது கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் இல்லறத்தில் சேர்த்தது தேடிய தேட்டம். இப்பெயர்கள் எவ்வளவு தெளிவாக உள்ளன என்பதைப் பாருங்கள்! எது யாருடையது என்ற கேள்விக்குப் பெயரிலேயே விடை இருக்கின்றது.

யாழ்ப்பாணத்தில் சீதனம் வெறும் வாய்ப்பேச்சாக நின்றுவிடவில்லை. முற்காலத்தில் ஓலையிலும், பிற்காலத்தில் நொத்தாரிசு முன்னிலையில் சீதன உறுதியாகவும் அது எழுதப்பட்டது. காணி, வீடு, நகை ஆகியவை அவ்வுறுதியில் இடம்பெறும். திருமணத்திற்கு முன்பு எழுதும் பத்திரம் தமிழருக்குப் புதியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எனினும் குறையும் உண்டு. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் மற்றச் சொத்தில் உரிமை கோர முடியாது என்பது பழைய வழக்கம். மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்க வேண்டுமானால் கணவனின் எழுத்து மூலமான இசைவு வேண்டும் என்று 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டம் விதித்தது. சொத்து அவள் பெயரில் இருந்தது. ஆனால் அதனை ஆளும் கை முழுவதும் அவளுடையதாக இருக்கவில்லை.

இனி நம் புனேக்குத் திரும்புவோம். மேற்கண்ட எழுத்துகளில் எல்லாம் பெண்ணின் இசைவு எங்கே என்ற கேள்வியை, நாடே கேட்கும்படி எழுப்பிய வழக்கு ஒன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. அதைப் பற்றிய சொற்போர் புனேயில் கனன்றது. ருக்மாபாய் என்னும் பெண்ணுக்குப் பதினோராம் வயதில் தாதாஜி பிகாஜி என்பவருடன் மணம் செய்து வைத்தனர். அவர் கணவர் வீட்டுக்குச் செல்லாமல் தாயுடனும் தாயின் இரண்டாம் கணவரான மருத்துவருடனும் வாழ்ந்து கல்வி கற்றார். தம்முடன் வந்து வாழ வேண்டும் என்று கணவர் 1884-இல் வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில், தம் இசைவின்றி நடந்த மணத்திற்குத் தாம் கட்டுப்பட முடியாது என்றார் ருக்மாபாய். நீதிபதி பின்ஹே 1885-இல் அவர் சார்பாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. 1887-இல் நீதிபதி ஃபாரன், கணவரிடம் செல்லுக, அல்லது ஆறு மாதச் சிறைத் தண்டனை ஏற்க என்று கட்டளையிட்டார். சிறைக்கே செல்வேன் என்றார் ருக்மாபாய்.

புனேயிலிருந்து வெளிவந்த திலகரின் கேசரி, மராட்டா என்னும் இரு ஏடுகளும் ருக்மாபாயின் நிலையைக் கடுமையாக எதிர்த்தன. இந்துத் திருமணம் ஒப்பந்தம் அன்று, சமயச் சடங்கு. அதில் தனியொருவரின் இசைவுக்கு இடமில்லை என்பது அக்காலத்தில் பலரும் கொண்ட கருத்து. ஆனால் அதே புனேயில், மகாத்மா புலே 1873-இல் தொடங்கிய சத்தியசோதக் சமாஜம், புரோகிதர் இன்றி, மணமக்கள் ஒருவருக்கொருவர் உறுதிமொழி கூறி மணக்கும் முறையை நடத்திக் காட்டியது. சாவித்திரிபாய் புலே அதற்கு முன்னின்று உழைத்தார். ஆக, ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், மணமக்களின் சொல் வேண்டாம் என்போரும், அச்சொல்லே மணம் என்போரும் வாழ்ந்தனர்.

ருக்மாபாயின் வழக்கு 1888-இல் சமரசத்தில் முடிந்தது. இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு கணவர் தம் உரிமையைக் கைவிட்டார். ருக்மாபாய் இலண்டன் சென்று 1894-இல் மருத்துவரானார். பின்னர் சூரத்திலும் இராசகோட்டிலும் பல்லாண்டு பணிபுரிந்தார். பதினோரு வயதுச் சிறுமியை முன்னிட்டுப் பெரியோர் செய்த ஏற்பாட்டைக் கலைக்க, வளர்ந்த பெண் நான்காண்டுகள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. கையொப்பமிடும் வயதும், இசையவும் மறுக்கவும் உரிமையும் இல்லாதவருக்கு எந்த உடன்படிக்கையும் பாதுகாப்பாகாது என்பதை அவ்வழக்கு காட்டிற்று.

இப்பொழுது, எழுதிய உடன்படிக்கைகளையே நீதிமன்றங்கள் எவ்வாறு பார்த்தன என்பதைக் காண்போம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பொதுக் கொள்கைக்கு முரணான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று அதன் 23-ஆம் பிரிவு கூறுகின்றது. இச்சட்டம் வந்த மறு ஆண்டிலேயே, 1873-இல், கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. கணவன் ஊரை விட்டுச் சென்றால் திருமணம் முறிந்துவிடும் என்ற உடன்படிக்கையை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 1901-இல் அதே நீதிமன்றத்தில் மன்மோகினி ஜெமாதாய் வழக்கு வந்தது. எப்பொழுதும் மாமியார் வீட்டிலேயே வாழ்வதாகவும், மனைவியை வேறிடத்திற்கு அழைத்துச் செல்வதில்லை என்றும் மணத்திற்கு முன்பு மணமகன் ஒப்புக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின்னர் மனவேறுபாட்டால் வெளியேறி, மனைவி தம்முடன் வர வேண்டும் என்று கோரினார். அவ்வுடன்படிக்கை மனைவி கணவனுடன் வாழ வேண்டும் என்னும் இந்துச் சட்டத்திற்கு மாறானது, செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முசுலிம் திருமணத்தைச் சட்டம் வேறு விதமாக நோக்கியது. அது ஒப்பந்தமே என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மகமூது 1886-இல் விளக்கினார். மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மகர் என்னும் தொகை அவளுடைய உரிமை. நிக்காகு பத்திரத்தில் நியாயமான நிபந்தனைகளை எழுதிக்கொள்ளவும் இடமுண்டு. கிறித்தவர்க்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 40-ஆம் பிரிவோ, மணத்திற்கு முன்போ பின்போ செய்த சொத்து ஏற்பாடுகளை ஆராய்ந்து கட்டளையிட நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகின்றது. ஆதலால் இப்பொருளில் எல்லாச் சமயத்தார்க்கும் ஒரே விடை சொல்ல இயலாது.

மணத்துக்கு முந்திய உடன்படிக்கையை முழுமையாக ஏற்கும் சட்டம் இந்தியாவில் எங்கேனும் உண்டா? உண்டு, மராட்டிய மாநிலத்துக்கு அண்டையிலேயே உள்ளது. கோவாவில் 1870 முதல் போர்த்துகீசியக் குடியியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1961-இல் கோவா விடுதலை பெற்ற பின்னரும் அங்குள்ள குடும்பச் சட்டமாக அது தொடர்ந்தது. போர்த்துகல் நாடே 1960-களில் புதிய சட்டத்தை ஏற்றுக்கொண்டது. கோவாவில் பழையதே நிலைத்தது. அதன்படி, வேறு ஏற்பாடு இல்லையெனில், கணவன் மனைவி இருவரின் சொத்தும் மணத்துடன் பொதுவாகி, இருவருக்கும் பாதிப் பாதி உரியதாகும். அவ்வாறு வேண்டாம் என்போர், மணத்திற்கு முன்பே நோட்டரி முன்னிலையில் பொது ஆவணம் எழுதிச் சொத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். அல்லது மணத்துக்குப் பின் சேர்ப்பதை மட்டும் பொதுவாக்கலாம். மணத்துக்குப் பின் அதனை மாற்ற முடியாது.

வெளியூர் வாழ்வோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. கோவா மக்கள் வேறு மாநிலத்தில் சொத்து வாங்கினால் எந்தச் சட்டம் செல்லும் என்ற கேள்வி, பம்பாயில் இருந்த ஒரு சொத்தை முன்னிட்டு எழுந்தது. கோவாவை நிலையான வாழ்விடமாகக் கொண்டவரின் சொத்து இந்தியாவில் எங்கிருப்பினும் அதன் வாரிசுரிமைக்குக் கோவாச் சட்டமே பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சில சட்டங்கள் மனிதருடன் பயணம் செய்கின்றன. சில சட்டங்கள் ஊரோடு நின்றுவிடுகின்றன. புனேயில் வாழும் தமிழ் இந்துக் குடும்பத்துக்கு இந்து திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் கூடவே வருகின்றன. ஆனால் ஆவணம் எழுதும் முத்திரைத் தாளுக்கு மராட்டிய மாநிலத்தின் சட்டமே பொருந்தும். உரிய முத்திரையில்லாத பத்திரம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாமல் போகலாம். கோவாவில் ஒருவர் எழுதிய பத்திரத்தைப் பார்த்துப் படியெடுத்துப் புனேயில் எழுதினால், அதே வலிமை அதற்கு வந்துவிடாது.

அவ்வாறாயின், கராடியில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு விடை என்ன? வரலாற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கோடு தெரிகின்றது. மணமக்கள் வாழும் முறையைக் கட்டிப் போட முயன்ற எழுத்துகள் பெரும்பாலும் விழுந்தன. யாருடைய பொருள் எது என்பதைத் தெளிவாக்கிய எழுத்துகள் நின்றன. இன்றைய சட்டமும் ஏறக்குறைய இக்கோட்டின் வழியே செல்கின்றது.

முதலில், நிற்க மாட்டாதவற்றைச் சொல்லிவிடுவோம். வரதட்சணை கொடுக்கவோ வாங்கவோ செய்யும் ஒப்பந்தம் 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி செல்லாதது மட்டுமன்று; அது குற்றத்திற்குச் சான்றாகவும் ஆகும். பின்னாளில் பிரிய நேர்ந்தால் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்குவதில் பயனில்லை. அத்தகைய ஒப்புதல் மனைவியின் சட்ட உரிமையைத் தடுக்காது என உச்ச நீதிமன்றம் 2013-இல் ஒரு வழக்கில் கூறியுள்ளது. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை, குழந்தை பிறக்கும் முன்பே எழுதி முடித்துவிட முடியாது. அதன் நலனை அந்நாளில் நீதிமன்றமே ஆராயும். இன்ன சூழ்நிலையில் விவாகரத்துக்கு இசைவோம் என்று முன்கூட்டி எழுதுவதும் அவ்வாறே. பரஸ்பர இசைவின் பேரில் விவாகரத்து வழங்கும் நாளிலும் இருவரின் இசைவும் உயிருடன் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தெளிவாக்கியது.

இனி, நிற்கக்கூடியவற்றைக் காண்போம். வீட்டின் பங்கைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதலாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 45-ஆம் பிரிவு, இதற்கு வழி சொல்கின்றது. இருவர் தத்தம் தனிப்பணத்தைக் கொண்டு ஒரு சொத்தை வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, அவரவர் செலுத்திய அளவிற்கேற்பப் பங்கு உண்டு. யார் எவ்வளவு செலுத்தினர் என்பதற்குச் சான்று இல்லையானால், பங்கு சமம் எனக் கொள்ளப்படும். முன்பணத்தில் பெரும்பகுதியைத் தந்த பெண், பங்கை எழுதாமலும், வங்கிக் கணக்குச் சீட்டைப் பாதுகாக்காமலும் விட்டால், பத்தாண்டுகளுக்குப் பின் அவளிடம் எஞ்சுவது நினைவு மட்டுமே. கடனை யார் எவ்வளவு அடைப்பது என்றும் இருவரும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த எழுத்து அவ்விருவரையே கட்டும், வங்கியைக் கட்டாது. இருவரும் கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டிருந்தால், வங்கி முழுத் தொகையையும் யாரிடமும் கேட்கலாம். பெற்றோர் மகளுக்கு வீடோ நிலமோ கொடுப்பதாயின், அதனைப் பதிவு செய்த தானப் பத்திரமாகவே எழுத வேண்டும்.

அடுத்தது நகைப் பட்டியல். பலர் அறியாத செய்தி இது. மணமக்களுக்கு வரும் பரிசுப் பொருள்களைப் பட்டியலிட வேண்டும் என்று சட்டமே விதித்துள்ளது. 1985 அக்டோபர் 2-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மணமகளுக்கு வந்தவற்றை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றை மணமகனும் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் சுருக்க விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினராயின் உறவுமுறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். மணத்தின்போதோ, அதன்பின் இயன்ற விரைவிலோ அது எழுதப்பட வேண்டும். அதில் கையொப்பமிட வேண்டியவர்கள் மணமகனும் மணமகளும்.

அதே 1985-ஆம் ஆண்டில், ஸ்ரீதனம் முழுவதும் மனைவிக்கே உரியது, கணவரோ அவர் குடும்பத்தாரோ வைத்திருப்பின் அது அவளுடைய பொருளை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பதேயாகும் என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். ஆனால் எந்த வளையல், எந்தச் சங்கிலி என்று கேட்கும்போது விடை சொல்ல வேண்டுமே! அங்கேதான் பட்டியலின் அருமை விளங்குகின்றது. வெளியூரில் வாழ்வோர்க்கு இது இரட்டிப்பு அவசியம். நகை யார் போட்டது, எப்போது போட்டது என்று சாட்சி சொல்லக்கூடிய அத்தையும் சித்தியும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றனர்.

எழுத்து நிற்க வேண்டுமானால், எழுதிய முறையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். இருவரும் வயது வந்தவராக, அச்சுறுத்தலோ ஏமாற்றோ இன்றி, பொருளுணர்ந்து கையொப்பமிட வேண்டும். தத்தம் சொத்தையும் கடனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாலி கட்டும் நாளுக்கு முதல் இரவு கைப்பேனாவை நீட்டுவது கூடாது. அமைதியாகப் படித்துப் பார்க்க நாள் வேண்டும். இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர் இருப்பது நன்று. மராட்டியிலோ ஆங்கிலத்திலோ எழுதிய பத்திரத்தைப் புரியாமல் ஒப்பமிடாமல், அதன் பொருளைத் தமிழில் கேட்டு அறிந்து, பின்னரே ஒப்பமிட வேண்டும். இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமும் 2010-இல், செர்மானியப் பெண்ணும் பிரெஞ்சுக்காரரும் மணத்திற்கு முன்பு செய்துகொண்ட உடன்படிக்கையை ஆராய்ந்தபோது, இருவரும் தாமாக, விளைவை முழுதும் உணர்ந்து இசைந்தனரா என்பதையே முதன்மையாக நோக்கியது.

இப்பொழுது விரிஞ்சிபுரத்துக் கல்லை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அங்கே உடன்பட்டவர்கள் சமூகத்துப் பெரியோர்கள். இசைகுடிமானத்தில் குடும்பத் தலைவர்கள். சீதன உறுதியில் பெற்றோர்கள். ருக்மாபாய்க்கோ கேள்வியே கேட்கப்படவில்லை. 1985-ஆம் ஆண்டின் பட்டியலில்தான் மணமகனும் மணமகளும் ஒரே தாளில் ஒப்பமிட வேண்டும் என்று சட்டம் சொல்கின்றது. ஏறத்தாழ ஐந்நூற்று அறுபது ஆண்டுகள் அந்தப் பேனா கைமாறிக் கைமாறி வந்து, மணமக்கள் கையில் சேர்ந்திருக்கின்றது. எழுதுவது புதியதன்று, எழுதுபவர்தாம் புதியவர். மாமா வருந்தியதும் அதனால்தான் போலும். நாம் பேசி முடிக்க வேண்டியதைப் பெண் பேசுகிறாளே என்ற வியப்பு அவருக்கு.

கராடியில் அன்று நிலவிய அமைதியை மணமகனே கலைத்தார். "அவள் பணத்தை அவள் பணம் என்று எழுதுவதில் எனக்கு என்ன குறை, மாமா?" என்றார். பேச்சு சற்று இளகியது. கிரயப் பத்திரத்தில் பங்குகள் குறிக்கப்பட்டன. திருமணம் முடிந்த மறுநாள், பெண்ணின் மாமாவே மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, பட்டியலை உரக்க வாசித்துச் சரிபார்த்தார். குத்துவிளக்கு ஒரு சோடி என்ற இடத்தில் நிறுத்தி, "இது பாட்டி கொடுத்தது, தாய்வழிப் பாட்டி என்று எழுதுங்கள்" என்றார். மணமகனும் மணமகளும் ஒப்பமிட்டனர். அந்தத் தாளின் நான்கு மூலையிலும், யாரும் சொல்லாமலே, பெண்ணின் தாயார் மஞ்சள் தடவினார்.